எழாக் கட்டை இயல்

ஐப்பசி அடைமழையில் பியானோவின் கட்டையொன்று அழுத்திய விரலோடு கீழே சென்று, விரல் எடுத்த பின்பும் மேலே வர மறுப்பதை, அக்கருவியைச் சென்னையில் வைத்திருப்போர் நன்கறிவர். ஆயினும் அறிந்த விஷயத்தை அறியாததாக்கி விளக்குவதே ஆராய்ச்சியின் தர்மமாதலால், 1700ஆம் ஆண்டில் ஃபிளாரன்ஸ் நகரத்து மெடிச்சி பிரபுக்களின் வாத்தியப் பட்டியலில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபொரியின் கருவி இடம்பெற்றதிலிருந்து தொடங்குவோம். தொடங்கியாயிற்று, இனி அதற்கும் இவ்வியலுக்கும் சம்பந்தமில்லை.

ஈரத்தின் ஏற்றத்தாழ்வால் நேரும் விகாரங்கள் மூன்று. நாதப் பலகை மழையில் உப்பித் தந்திகளை மேலே தள்ளிச் சுருதியை ஏற்றும், வறட்சியில் இறக்கும். பிரடைகளைத் தாங்கும் மரப்பலகை உலர்ந்து சுருங்கினால் பிரடை தளரும். மரம் நார் ஓடும் திசையில் ஏறக்குறைய நீள்வதேயில்லை, குறுக்கேதான் பெருக்கும் என்பது தச்சர் யாவரும் அறிந்ததாகையால், பண்டிதர்கள் அதைப் பிரமாணமாகக் கொள்வதில்லை.

மூன்றாவதான எழாமை விகாரமே நம் பொருள். இதற்குக் காரணம் மரமே என்பர் மரவாதிகள்: கட்டை பெருத்தோ கோணியோ பக்கத்துக் கட்டையோடு உரசுகிறதாம். அன்று, கட்டையை நிறுத்தும் ஊசிகள் நுழையும் துளைகளில் ஒட்டிய கம்பளித்துணி ஈரமேறித் தடித்து ஊசியைக் கவ்வுகிறது என்பர் கம்பளவாதிகள். கட்டைகளுக்கிடையே ஒரு தாளைச் செருகிப் பார்த்தும், கட்டையின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பார்த்தும் இவ்வழக்கை ஒரு நிமிஷத்தில் தீர்க்கலாமாயினும், அவ்வாறு தீர்ப்பது ஆராய்ச்சி மரபுக்கு விரோதமென்று இரு சாராரும் ஒருமனதாகக் கருதுவதால், மரவாதிகள் செல்லரித்த சுவடியொன்றை மேற்கோளாகக் காட்டுகின்றனர். அதன் முதலும் முடிவும் கிடைத்தில. எஞ்சிய ஓர் இடையேடும் ஆப்பமாவு பொங்காமைக்குப் பரிகாரம் கூறுவதாகவே தோன்றும். எனினும், அது ஈரத்தைப் பேசுவதால் பியானோவையே சுட்டுமென்று நிறுவியும், அங்ஙனம் நிறுவியதை மறுத்தும், மறுப்பை மறுத்தும் எழுதியோர் அனைவரும் இன்று தத்தம் பெயருக்கு முன்னால் ஒரு பட்டத்தைச் சுமந்து திரிகின்றனர்.

இவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கையில், சுருதி சேர்க்க வந்தவர் கட்டையை உருவியெடுத்து, குறட்டின் ஒரு தாடையைத் துளைக்குள்ளும் மற்றதை வெளியிலும் வைத்துக் கம்பளியை இலேசாக நெரித்துவிட்டு, மிகையாக நெரித்தால் கட்டை லொடலொடவென்று ஆடுமென எச்சரித்துக் கூலி கேட்டார். அவர் எந்த நூலையும் மேற்கோள் காட்டாமையால் அவர் செய்தது ஏற்கப்படவில்லை.

மரமுமன்று, கம்பளியுமன்று, இடுக்கில் விழுந்த நாணயமே காரணம் என்பாரும் உளர். குழந்தைகள் உள்ள வீடுகளில் இக்கட்சிக்குச் செல்வாக்கு மிகுதி. அண்மையில் ஒரு வீட்டில் எழாக் கட்டையின் பக்கத்திலிருந்து ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தியின் தலை பொறித்த காலணா வெளிப்பட்டது. அக்காசைக் கொண்டு கட்டை அழுந்திய ஆண்டை நிர்ணயிக்கும் ஆராய்ச்சி முற்றுப்பெறும்வரை, அதை இருந்த இடத்திலேயே திரும்பச் செருகிவைக்கும்படி வீட்டுக்காரருக்குப் பண்டிதர் குழு கடிதம் எழுதியிருக்கிறது.