அரைப்பேர்க் குடிமக்கள்

விடிந்தால் இலங்கை மலையகத்தின் டிக்கோயாத் தேயிலைத் தோட்டங்களில் இரண்டு பிரட்டு, அதாவது ஆள் எண்ணும் அணிவகுப்பு. அம்மாவுக்கு மலையேறுமுன் ஒன்று. பிள்ளைக்குப் பள்ளிக்கூட முற்றத்தில், கொடிக்கம்பத்தடியில் மற்றொன்று. இரண்டிலும் ஒரே சட்டம்தான்: நேராக நில், சொன்னால் மட்டும் வாயைத் திற.

பிள்ளை வாயைத் திறந்து நாட்டைத் தாய் என்று பாடுகிறது. அந்தத் தாயின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

1948 பெப்ரவரி 4இல் இலங்கைக்குச் சுதந்திரம். நவம்பர் 15இல் பிரஜாவுரிமைச் சட்டம். பத்து மாதம்கூட நிறையவில்லை, "நீ யார் பெத்த பிள்ளை?" என்று தாய் கேட்டுவிட்டாள். அப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டும். இல்லையென்றால் தாத்தனும் பூட்டனும் பிறந்ததற்கு வேண்டும். கங்காணியின் செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் பேர் இருந்த பலருக்குப் பதிவாளரின் புத்தகத்தில் பேர் இல்லை. 1947இல் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்டத்துச் சனத்துக்கு அடுத்து வாக்கும் போயிற்று.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் தேயிலைப் பெட்டியைப் பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு 525,000, இங்கே 300,000, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். பார்த்துப் பார்த்து, கணக்கைத் தீர்க்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது.

பாட்டிலாவது நிம்மதி உண்டா? அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் தேசிய கீதம் தமிழிலேயே இருக்கிறது. ஆனால் அரச சுதந்திர விழாவில் 2016இல் தமிழில் பாடலாம், 2020இல் கூடாது. தாய்க்குத் தமிழ் கேட்பது ஆட்சியைப் பொறுத்தது போலும்!

சித்திர வகுப்பில் கொடிக்கு நிறம் தீட்டுகிறாள் ஒரு சிறுமி. தமிழருக்கென்று ஒதுக்கிய செம்மஞ்சள் பட்டையைக் கோடு தாண்டாமல் தீட்டிவிட்டு நிமிர்கிறாள்.

"ஏன் டீச்சர், சிங்கம் கத்தியோட நம்ம பக்கமே பாத்துக்கிட்டு நிக்குது?"

"பேசாம நிறத்தைத் தீட்டு."

குடியியல் பாடம் அங்கேயே முடிந்தது. மிச்சமெல்லாம் பரீட்சைக்கு.

பற்றை மனப்பாடமாக்குவது இங்கே மட்டுமல்ல. தாய்லாந்தில் 2014இல் ஆட்சியைப் பிடித்த தளபதியும் இப்படித்தான் பன்னிரண்டு நற்பண்புகளைப் பிள்ளைகளை ஒப்புவிக்க வைத்தார். 2020இல் மாணவர்கள் காலைக் கொடியேற்றத்தில் எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரலை உயர்த்தினார்கள். ஒப்புவிக்கத் தெரிந்த பிள்ளைக்கு யோசிக்கவும் தெரியும் என்பதை எந்தத் தளபதியும் எந்த அமைச்சரும் பாடக்குறிப்பில் எழுதுவதில்லை.

நாட்டுப்பற்றுக் கட்டுரை எழுதும் நம் பிள்ளைக்கு லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் சொந்தக் கதவிலக்கம் கிடையாது. தபால் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். 2012 குடிசனத் தொகை மதிப்பு அவள் சனத்தை "இந்தியத் தமிழர்" என்றே எண்ணியது. காலையில் இலங்கைத் தாயின் பிள்ளை, கணக்கெடுப்பில் அடுத்த வீட்டுப் பிள்ளை.

கொழுந்து குறைந்தால் அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். பற்றுக் குறையாமல் பாடினாலும் மகளுக்கு அரைப்பேர்தான். முதலில் முழுப்பேர் போடுங்கள், ஐயா. பாட்டைப் பிள்ளைகள் தாங்களாகவே பாடுவார்கள்.