மருமகன் சனாதிபதியாகப் போறாராம்

வாங்கோ சனாதிபதி, இருங்கோ. அந்தக் கதிரைக்கு ஒரு கால் ஆட்டம், பார்த்து இருங்கோ. பதவிக்கு வரமுந்தியே கவிழக்கூடாது.

ரயில் நிலையத்தடித் தேத்தண்ணிக் கடையிலை உன்னைச் சுத்தி நாலு பெடியள் நிண்டு, "சீனன்குடா எங்கட கோட்டை" எண்டு கத்தினவங்களாம். மெத்தச் சந்தோசம் மருமகன். நாலு பேர் ஒண்டாய்த் தேத்தண்ணி குடிச்சால் அது கோட்டை. காசு குடுத்தது நீ எண்டால் அது இராச்சியம்.

முதல்லை மடியைத் தடவிப் பார். கட்சி நிறுத்திற ஆளுக்குக் கட்டுப்பணம் 50,000 ரூபாய், சுயேச்சைக்கு 75,000. சுயேச்சையாய் நிக்கிறதெண்டால் முந்தி நாடாளுமன்ற உறுப்பினராயும் இருந்திருக்கவேணும். நீ நாடாளுமன்றத்தைக் கண்டது தொலைக்காட்சியிலை. பயப்படாதை, சின்னம் இருக்கு ஆளில்லை எண்ட கட்சியள் இந்த நாட்டிலை உண்டு. 2019 இலை 35 பேர் நிண்டவை. வாக்குச்சீட்டு இரண்டடிக்கு மேலை நீளம். உன்ரை மாமி அதை மடிச்சு முடிக்கிறதுக்குள்ளை வரிசை சந்தி தாண்டிப் போட்டுது.

ஒரு ஆறுதலும் சொல்லுறன். தன்ரை இடத்திலை ராசாவாய் இருந்து நாட்டிலை தோத்த ஆக்கள் உனக்கு முந்தியும் இருந்தவை. 1982 இலை முதலாவது சனாதிபதித் தேர்தல். தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கி நிக்க, குமார் பொன்னம்பலம் சைக்கிள் சின்னத்திலை ஏறினார். யாழ்ப்பாண மாவட்டத்திலை 87,263 வாக்கு எடுத்து முதலாவதாய் வந்தார். மட்டக்களப்பிலை ஜே.ஆர். ஜயவர்த்தனவோடை முட்டி ஆயிரம் வாக்குக்குள்ளைதான் தவறவிட்டார். நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் 173,934, நாலாமிடம். யாழ்ப்பாணத்திலை மூண்டாவதாய் வந்த ஜே.ஆர். சனாதிபதியானார். அங்கை முதலாவதாய் வந்தவர் வழக்குப் பேசத் திரும்பிப் போனார்.

2024 இலை அதே கூத்து, சைக்கிளுக்குப் பதிலாய்ச் சங்கு. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் யாழ்ப்பாணத்திலை 116,688 எடுத்தார். சஜித் பிரேமதாசவுக்கு 121,177. தமிழரசுக் கட்சி சஜித்துக்குப் போடச் சொல்ல, அதே கட்சிக்காரர் சிலர் சங்கை ஊத, சனம் ரெண்டாய்ப் பிரிஞ்சு நிண்டுது. நாடளாவி அவருக்கு 226,343, நூற்றுக்கு இரண்டு கூட இல்லை.

அமெரிக்காவிலை கோட்டைக்குக் கொஞ்சம் விலை உண்டு. அங்கை சனாதிபதியைத் தெரிவுசெய்யிறது தேர்வாளர்; மாநிலத்திலை முந்தினவருக்கு அந்த மாநிலத்தின்ரை தேர்வாளர் அனேகமாய் முழுக்கச் சொந்தம். 1968 இலை ஜோர்ஜ் வாலஸ், கறுப்பரையும் வெள்ளையரையும் பிரிச்சு வைக்கவேணுமெண்டு நிண்ட மனுசன், தெற்கிலை ஐஞ்சு மாநிலத்தை அள்ளி 46 தேர்வாளரைப் பிடிச்சார். அவருக்கு விழுந்தது ஒரு கோடிக்குக் கிட்ட. 1992 இலை றொஸ் பெறோ எண்ட பணக்காரர் அதைப்போலை ரெண்டு மடங்கு, 1 கோடி 97 லட்சம் எடுத்தும் ஒரு தேர்வாளர் கூட இல்லை. ஒரு வயலிலை தேங்கின தண்ணி நெல்லு விளைவிச்சுது, ஊர் முழுக்கத் தூறின மழை புழுதியை மட்டும் அடக்கிச்சுது. எங்கட நாட்டிலை வரம்பே இல்லை மருமகன், நாடு முழுக்க ஒரே தொகுதி. நீ சீனன்குடாவை நூற்றுக்கு நூறு வெண்டாலும் கணக்கிலை அது ஒரு துளி.

அதையும் வெல்ல விடுவினமோ? தமிழர், முஸ்லிம், சிங்களவர் எண்டு மூண்டு சனமும் கலந்து கிடக்கிற திருகோணமலை மாவட்டம் இது. 1982 இலை ஜே.ஆர்., 2024 இலை சஜித் எண்டு பெரிய கட்சிக்காரரைத்தான் முதலாவதாய் நிறுத்தினது. உன்ரை கோட்டைக்குள்ளை இருக்கிற சொத்தையும் பார். வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்க் குதம். 2022 தை மாத ஒப்பந்தத்திலை இந்தியன் ஒயில் கம்பனிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, ரெண்டு பேருக்கும் கூட்டாய் 61. கூட்டிப் பார். கோட்டைக்காரனுக்கெண்டு ஒரு குதமும் மிஞ்சேல்லை.

அப்ப நிக்கவேண்டாமோ எண்டு கேக்கிறாய். நில்லு. ஆனா வாக்குச்சீட்டை வடிவாய்ப் பார்த்திட்டு நில்லு. அதிலை 1 மட்டுமில்லை, 2, 3 எண்டும் போடலாம். ஒருத்தரும் பாதிக்கு மேலை எடுக்காட்டில் முதல் ரெண்டு பேரைத் தவிர மிச்சமெல்லாரும் வெளியிலை. வெளியிலை போனவையின்ரை சீட்டிலை கிடக்கிற விருப்பு வாக்கை எண்ணுவினம். 1982 இலிருந்து சும்மா கிடந்த இந்தச் சட்டத்துக்கு 2024 இலைதான் முதல்முறை வேலை வந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித்துக்கு 32.76. மிச்சப்பேருக்கு விழுந்தது ஏறக்குறைய 33 லட்சம். அதுக்குள்ளை இந்த ரெண்டு பேருக்கும் பயன்பட்ட விருப்பு வாக்கு எவ்வளவு தெரியுமே? அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867. நூற்றுக்குப் பத்தும் தேறேல்லை. ரெண்டு பேருக்கும் இடையிலை இருந்த வித்தியாசம் 13 லட்சத்துக்குள்ளை. ஆர் நாட்டை ஆளுறது எண்டதை முடிவாக்கக்கூடிய சனம், 1 ஐ மட்டும் போட்டிட்டுப் பேனையை மூடி வைச்சிட்டு வீட்டை போட்டுது.

அதுதான் சொல்லுறன். தோக்கப் போற மனுசனுக்கு இருக்கிற ஒரே ஆயுதம் அந்த இரண்டாம் இலக்கம். மேடையிலை "எனக்கு ஒண்டு போடுங்கோ" எண்டு தொண்டை கிழியக் கத்தாதை. பெரியவை ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "என்ரை சனத்தின்ரை இரண்டு ஆருக்கு? என்ன தருவியள்?" எண்டு கேள். சொல்லுறதை எழுத்திலை வாங்கு. 1957 இலை எழுதின பண்டா–செல்வா ஒப்பந்தம் மற்ற வருசமே கிழிஞ்சு போச்சு. அதாலை ரெண்டு போட்டோப் பிரதி எடுத்து வை. பேசிறதுக்கு ஒருத்தரும் வராட்டில் தெரிஞ்சுகொள், உன்ரை கோட்டைக்கு வெளியிலை உன்னை ஒருத்தருக்கும் தெரியாது. கட்டுப்பணத்துக்கு ரெண்டு ஆடு வாங்கிக் கட்டு. அதுகள் குட்டியாவது போடும்.

என்ரை வாக்கோ? நீ தங்கச்சி பெத்த பிள்ளை, வெறுங்கையோடை அனுப்பமாட்டன். உனக்கு என்ரை இரண்டாவது விருப்பு. முதலாவது உன்ரை மாமி காட்டிற ஆளுக்கு. இந்த வீட்டிலை 50 வீதத்தைத் தாண்டினது அவ ஒருத்திதான்.