முகத்தை மறைத்த மேதை

கேள்வி: ஊரையே படம்பிடிக்கும் புகைப்படக்காரர்கள், தங்களை யாராவது எடுக்க வந்தால் மட்டும் ஏன் இவ்வளவு பிகு பண்ணுகிறார்கள்?

பதில்: பிகுவில் முதல் பரிசு பிரான்சின் ஆன்ரி கார்த்தியே-பிரெசோனுக்குத்தான். 1975-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்து அழைத்தது. போனார், கேமராக்களைக் கண்டதும் கையிலிருந்த காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டார்! இத்தனைக்கும் சார்த்தர், மத்தீஸ் என்று உலகப் பிரபலங்களின் முகங்களைத் தேடித் தேடி எடுத்தவர். 1948 ஜனவரியில், சுடப்படுவதற்குச் சற்று முன்பு காந்தியைப் படமெடுத்தவரும் அவரே.

அவர் செய்தது நியாயம்தான். தெருவில் யார் கண்ணிலும் படாமல் திரிந்தால்தான் அவருடைய தொழில் நடக்கும். அதற்காக லைக்கா கேமராவின் பளபளப்பான பாகங்களில்கூடக் கறுப்பு டேப் ஒட்டியவர் அவர். முகம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டால் அந்த டேப்பால் என்ன பயன்?

இன்னொரு காரணமும் உண்டு: பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பது. அமெரிக்காவில் குழந்தைகளைப் பராமரிக்கும் வேலை பார்த்த விவியன் மையர் தன்னைத்தானே ஏராளமாக எடுத்துக்கொண்டார், கண்ணாடியிலும் கடை ஜன்னலிலும் தரையில் விழும் நிழலிலுமாக. ஆனால் யாரிடமும் காட்டவில்லை என்றே சொல்லலாம். 2007-ல் அவருடைய படங்கள் அடங்கிய பெட்டிகள் ஏலத்துக்குப் போன பிறகுதான் அந்த முகம் மெல்ல மெல்ல உலகுக்குத் தெரிய வந்தது.