என்ற காசை எவன் தின்னான்?

பிப்ரவரி 1-ஆம் தேதி காலை பதினொரு மணிக்குக் கோயம்புத்தூரில், கணபதி பக்கம் ஏதாவது ஒரு பேக்கரிக்குள் நுழைந்து பாருங்கள். டிவிக்கு நேர் எதிர் பெஞ்சில், பாதி டீயை ஆறவிட்டு, கையில் வர்க்கியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். வயது அறுபத்துச் சொச்சம். பம்பு கம்பெனியில் ரிட்டையர் ஆனவர். நிதியமைச்சர் இன்னும் அவைத் தலைவருக்கு வணக்கம்கூடச் சொல்லி முடித்திருக்க மாட்டார். அதற்குள் இவருடைய தீர்ப்பு வந்துவிடும்: "ஒண்ணுமில்லீங். இந்த வருசமும் நம்ம வாயில மண்ணுதானுங்."

இவருக்குக் கட்சி பேதம் கிடையாது. மன்மோகன் சிங் காலத்திலிருந்து இன்றுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்த எவரையும் விட்டுவைத்ததில்லை. தமிழர் என்பதற்காகச் சலுகையும் இல்லை. சொல்லப்போனால் அவர்களுக்கு ஒரு வசவு கூடுதல். குற்றச்சாட்டு என்னவோ ஒன்றுதான். ரிட்டையர் ஆனபோது வந்த பி.எஃப். தொகை, மாடியில் ஒரு ரூம் எடுத்ததோடும் மகனுக்கு பைக் வாங்கியதோடும் தீர்ந்துவிட்டது. மாதப் பென்சன் 1,900 சொச்சம்.

"முப்பத்தினாலு வருசம் லேத்துல நின்னவனுக்கு ஆயிரத்தித் தொள்ளாயிரம்! என்ற காசை எவன் தின்னான்?"

கேள்வி நியாயமானது. பதில் அவர் மடியிலேயே இருக்கும் மஞ்சப்பையில் இருக்கிறது. கேட்டால் மறைக்காமல் காட்டுவார். அந்த விஷயத்தில் அவர் வெள்ளந்தி.

முதல் தாள் 1996-ஐச் சேர்ந்தது. முதல் கம்பெனியை விட்டு இரண்டாவதில் சேர்ந்த சமயம். பாரம் 19-இல் ‘வேலையில்லாமல் இருக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டு, புது கம்பெனியின் ஷிப்ட் முடிந்து வந்து, பதினொரு வருடச் சேமிப்பை வாங்கிக்கொண்டார். மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வம் கோயிலில் முந்நூறு பேருக்குக் கிடாவிருந்து. வீடியோ கேசட் இன்னும் பீரோவில் இருக்கிறது, பூஞ்சை பிடித்து. "அது செலவுங்களா? கௌரவமுங்!" என்பார். அடுத்த மூச்சிலேயே, "அப்பெல்லாம் பி.எஃபுக்குப் பன்னண்டு பர்சன்ட் வட்டி குடுத்தானுங்க. எவனோ வந்து குறைச்சுப்போட்டான்" என்று பெருமூச்சு விடுவார். உண்மைதான். 1989 முதல் 2000 வரை பன்னிரண்டு சதவீதம் தந்தார்கள். வட்டி உச்சத்தில் இருக்கும்போதே முதலை எடுத்துக் கிடாவாக மாற்றியவர் யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தப் பணம் சும்மா கிடந்திருந்தால், பிறகு குறைத்த வட்டியையும் சேர்த்துப் பார்த்தாலும், 2019-இல் அவர் ரிட்டையர் ஆகும்போது ஏறக்குறைய எட்டு மடங்காகியிருக்கும்.

இரண்டாவது தாள் 2005. இந்த முறை பாரம் 19-க்குத் துணையாகப் பாரம் 10சி. ஒன்பது வருடப் பென்சன் சர்வீசும் அதோடு போயிற்று. பாரம் 13 என்று ஒன்று உண்டு. அதை நிரப்பிக் கொடுத்திருந்தால் கணக்கு அடுத்த கம்பெனிக்கு மாறியிருக்கும், இன்றைய பென்சனில் ஓர் ஆயிரம் ரூபாய் போலக் கூடியிருக்கும். ஆனால் பாரம் 13-ஐக் கொண்டு அன்னூர் ரோட்டில் சைட் வாங்க முடியாதே! சைட் வாங்கினார். டிடிசிபி அப்ரூவல் இல்லாத சைட். அங்கே இப்போது சோளத்தட்டு காய்கிறது. அதற்கும் ஒரு மந்திரி உண்டு, அவருக்கும் வசவு உண்டு.

மூன்றாவது தாளை எடுக்கும்போது மட்டும் குரல் இறங்கும். 2006-இல் எடுத்த பங்குச்சந்தைப் பாலிசி. அந்தக் காலத்து யூலிப்களில் முதல் வருடப் பிரீமியத்தில் பெரும்பங்கைக் கமிஷனும் கட்டணமுமாகவே கழித்துவிடுவார்கள். 2010-இல்தான் அதற்குக் கடிவாளம் போட்டார்கள். நம்மவர் மூன்று வருடம் கட்டினார். 2008 ஜனவரியில் 21,000-த்தைத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 9,000-க்கும் கீழே விழுந்தது. பயந்துபோய் அப்போது சரண்டர் செய்தார். அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானதுதான் காரணம் என்று பேக்கரியில் ஒரு பையன் விளக்கிச் சொன்னான். இவர் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"பிரதர்ஸ்னு பேர்லயே இருக்குதுல்ல தம்பி? யாரோட பிரதர்ஸ்னு விசாரிச்சியா?"

அந்தப் பாலிசியைத் தலையில் கட்டியது வாசிங்டனும் இல்லை, டெல்லியும் இல்லை, சொந்த மச்சான். ஏஜெண்டு கையெழுத்து தாளின் அடியிலேயே இருக்கிறது. ஆனால் மச்சானைத் திட்டினால் அன்று ராத்திரி சோறு இல்லை. காதுகுத்துக்குக் கிடாவெட்டியே ஆகவேண்டும் என்று நின்ற அம்மாவைத் திட்ட முடியாது, காலமாகிவிட்டார். தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் வழக்கம் ஆண்மக்களிடம் பொதுவாக இல்லை. மிஞ்சுவது மந்திரிதான். எவ்வளவு திட்டினாலும் திருப்பிப் பேசமாட்டார், பொங்கலுக்கு வீட்டுக்கும் வரமாட்டார்.

ஒரே ஒருமுறை இவர் வென்றதும் உண்டு. 2016 பட்ஜெட்டில் பி.எஃப். எடுக்கும்போது அறுபது சதவீதத்துக்கு வரி என்று அருண் ஜேட்லி அறிவித்தார். நாடே கொதித்தது, பத்து நாளுக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டார். தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் என்று பேப்பர்காரர்கள் எழுதினார்கள். கணபதியில் மட்டும் உண்மை தெரியும்: நம்மவர் அன்று போட்ட சத்தத்தில் டீ மாஸ்டர் கிளாசைக் கீழே போட்டார்.

இவ்வளவு கத்துகிறவர், கத்தவேண்டிய இடத்தில் கத்துவதில்லை என்பதுதான் என் வருத்தம். தனியார் கம்பெனித் தொழிலாளியின் குறைந்தபட்சப் பென்சனை 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பத்து வருடம் கழிந்த பிறகும் அதே ஆயிரம்தான். பென்சனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பை அதே சமயம் 15,000 ஆக்கினார்கள். அதுவும் பத்து வருடமாக அசையவில்லை. அரசு ஊழியருக்கு உள்ளது போன்ற பஞ்சப்படி இந்தப் பென்சனுக்குக் கிடையாது. இவை அசல் அரசியல்வாதிகள் செய்த, அல்லது செய்யாமல் விட்ட காரியங்கள். இவற்றில் ஒன்றுகூட நம்மவர் பட்டியலில் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்றுக்காக இ-சேவை மையத்தில் விரலை வைக்கிறார். லேத்தில் தேய்ந்த விரலில் ரேகை விழமாட்டேன் என்கிறது. நாலு விரல் மாற்றி, ஈரத்துணியில் துடைத்து, கடைசியில் இடது சுண்டுவிரலில் விழும். அதற்கும் பிரதமரைத்தான் திட்டுவார்.

போன தேர்தலில் வேட்பாளரே தெருவுக்கு வந்தார். பேக்கரி வாசலில் நின்று, நேராக இவர் கையைப் பிடித்தார். "ஐயா, ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க" என்றார். முப்பது வருடக் கோபம் வெளியே வரப்போகிறது என்று டீ மாஸ்டர் முதற்கொண்டு எல்லோரும் காத்திருந்தோம்.

"அந்தச் சாக்கடையை மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க சாமி" என்றார்.

துண்டு போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், ஜீப் கிளம்பியது. ஜீப் முனை திரும்பியதும் பெஞ்சில் உட்கார்ந்தார்: "கேட்டிருப்பனுங். பாவம், அவசரத்துல இருந்தாப்ல."

அடுத்த தேர்தலுக்கும் யாராவது வருவார்கள். சாக்கடையைப் பற்றிக் கேட்க ஆள் இருக்கிறது. நீங்கள் அந்த ஆயிரம் ரூபாயைப் பற்றிக் கேளுங்கள்.