நகல் கேட்டு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள், வீட்டுக்கடன் பிரிவு.
(வங்கியின் பெயரை மரியாதை கருதி எழுதவில்லை.)

பொருள்: என் செலவில் தாங்கள் தெரிந்துகொண்ட விவரங்களை எனக்கும் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் கடன் ஒப்புதல் கடிதம் கிடைக்கப்பெற்றேன். மேடவாக்கம் பக்கத்தில் 2011-இல் கட்டிய அடுக்ககம் ஒன்றின் இரண்டாவது மாடியில், இரண்டு படுக்கையறை வீடு வாங்க எனக்கு 43 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் தர வங்கி இசைந்திருக்கிறது. மிக்க நன்றி. இந்த இசைவுக்கு வருமுன் தாங்கள் என்னைப் பற்றித் திரட்டிய தகவல், பெண் கொடுக்குமுன் என் மாமனார் விசாரித்ததைவிட அதிகம். அவர் தெருமுனை டீக்கடையோடு நிறுத்திக்கொண்டார்.

என் அப்பா கடனுக்குப் பயந்தவர். என்னையும் அப்படியே வளர்த்துவிட்டார். பைக் முதல் பிரிட்ஜ் வரை எல்லாம் ரொக்கம். இதைத் தங்கள் அலுவலரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. சிபில் ஸ்கோர் 300-இலிருந்து 900 வரை இருக்குமாம். எனக்கு வந்தது மைனஸ் 1. யாரிடமும் கடன் வாங்காதவனுக்கு வரலாறே கிடையாது என்று அதற்கு அர்த்தம். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து சீட்காரர் நான்கு கிரெடிட் கார்டை மாற்றி மாற்றித் தேய்த்து, மாதக் கடைசியில் என்னிடம் ஐந்நூறு ரூபாய் கைமாற்று கேட்பார். அவருக்கு 780.

கடன் வரலாறு இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக முதல்முறை விண்ணப்பிப்பவரைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. தாங்களும் தள்ளவில்லை. கோ-அப்ளிகன்ட் கேட்டீர்கள். என் மனைவி ஸ்கூட்டருக்குக் கடன் வாங்கி ஒழுங்காக அடைத்தவர். குடும்பத்தில் நம்பத் தகுந்த ஆள் அவர்தான் என்பது உறவினர் அனைவருக்கும் முன்பே தெரியும். இப்போது அது வங்கியின் கோப்பிலும் ஏறிவிட்டது.

அடுத்து வேல்யுவர் வந்தார். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினார். பால்கனியில் நின்று படம் எடுத்துக்கொண்டார். விற்பவர் 60 லட்சம் கேட்கும் வீட்டுக்கு 54 லட்சம் என்று எழுதினார். அதில் 80 சதவீதம்தான் கடன். அந்த 54 எப்படி வந்தது என்று கேட்டேன். ரிப்போர்ட் வங்கிக்குத்தான் போகும் என்றார். அவருக்கான கட்டணம் மட்டும் என்னிடமிருந்து போனது.

ஆக, கையிலிருந்து 16 லட்சத்து 80 ஆயிரம். மறுவிற்பனை வீடு என்பதால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். அது 5 லட்சத்து 40 ஆயிரம். இந்த இரண்டையும் வீட்டின் விலையோடு சேர்த்துக் கடனைக் கணக்கிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாங்குகிறவனுக்கு அதுவும் வீட்டின் விலைதான், ஆனால் விதியை எழுதியவர்கள் ஏற்கனவே வீடு வாங்கியவர்களாக இருந்திருக்கலாம். எப்படியோ, 22 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் என் சொந்தப் பணமாக இருக்க வேண்டும், எங்கும் கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது, அதற்கு ஆதாரமும் வேண்டும் என்றார் தங்கள் அலுவலர். சொல்லிவிட்டு, போகிற வழியில் நகைக்கடன் மேசையையும் பார்த்துவிட்டுப் போங்கள் சார் என்றார்.

அந்த மேசையில் நான் நகை வைத்தேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. அங்கே வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று வேடிக்கை பார்த்ததை மட்டும் சொல்கிறேன். உரசிப் பார்த்தார்கள், எடை போட்டார்கள், பணம் கணக்கில் ஏறிவிட்டது. தாலிக்கொடியின் தாய்ப்பத்திரத்தை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குக் கேட்டீர்கள். இங்கேதான் ஐயா என் விண்ணப்பத்தின் சாரம் இருக்கிறது.

தங்கள் பேனல் வக்கீல் 30 வருட வில்லங்கச் சான்று கேட்டார். கொடுத்தேன். அது போதாது, மூலம் வரை போக வேண்டும் என்றார். பட்டா, பழைய பத்திரங்கள், அடுக்ககத்துக்கான வரைபட அனுமதி, பிரிபடாத பாகத்தின் கணக்கு எல்லாம் போயிற்று. அந்த மனை ஒருகாலத்தில் புஞ்சை நிலம். உடையவர் காலமானபின் மகன்கள் இருவர் சேர்ந்து பில்டருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வக்கீல் இரண்டே கேள்வி கேட்டார். செத்துப்போனவருக்கு மகள் யாராவது உண்டா? பவர் கொடுத்தவர்கள், அந்தப் பவரை வைத்துப் பத்திரம் பதிந்த அன்றைக்கு உயிரோடு இருந்தார்களா?

கிண்டலுக்காகச் சொல்லவில்லை, இரண்டும் மிக நல்ல கேள்விகள். மகள் இருந்து அவர் கையெழுத்துப் போடாமல் விட்டிருந்தால், அவர் பங்கு இன்றும் அந்த மண்ணிலேயே கிடக்கும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாக அந்தப் பவரும் அவரோடு போய்விடும். வீடு வாங்குகிறவன் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய விஷயங்கள் இவை. நானும் வாரிசுச் சான்றைத் தேடி, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பிறப்பு இறப்பையெல்லாம் விசாரித்துக்கொண்டு திரிந்தேன். விற்பவருக்குப் பொறுமை போய்விட்டது. “நானே 2011-ல பேங்க் லோன்லதான் சார் வாங்கினேன். அப்பவும் ஒரு வக்கீல் இதே கேள்வியத்தான் கேட்டார். பதில் என்னன்னு எனக்கும் சொல்லலை.”

அந்த அடுக்ககத்தில் 12 வீடுகள். பெரும்பாலானவை கடனில் வாங்கியவை. அப்படியென்றால் ஒரே துண்டு நிலத்தின் பூர்வீகத்தை வங்கிக்கு ஒரு வக்கீலாகத் தனித்தனியே ஆராய்ந்திருக்கிறார்கள், அங்கே குடியிருப்பவர்கள் தனித்தனியே பணம் கட்டியிருக்கிறார்கள். கீழே விழுந்த தண்ணீர் டேங்க் மூடியை யார் வாங்குவது என்று மாதாமாதம் கூட்டம் போட்டுச் சண்டை போடும் அவர்களில் ஒருவரிடமும் தாம் குடியிருக்கும் மண்ணைப் பற்றிய வக்கீல் கருத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. எல்லாம் வெவ்வேறு வங்கிகளின் அலமாரிகளில் பத்திரமாக இருக்கின்றன.

எனக்கு ஒரு நகல் தாருங்கள் என்று தங்கள் அலுவலரிடம் கேட்டேன். “அது இன்டர்னல் டாக்குமென்ட் சார்” என்றார். ஃபீஸ் நான்தானே கட்டினேன் என்றேன். ஃபீஸ் எக்ஸ்டர்னல் என்று அவர் சொல்லவில்லை, பார்வையில் இருந்தது. சரி, வக்கீல் என்னதான் சொல்லியிருக்கிறார் என்றால், “கிளியர் சார், அதனாலதானே சாங்ஷன் ஆச்சு.” நாளைக்கே அந்த மகள் வந்து நின்றால்? அதற்கும் தயங்காமல் பதில் சொன்னார். ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறதாம்: சொத்துரிமையில் குறை வந்தால் அது கடன்தாரர் பொறுப்பு, தவணை நிற்காது.

இதைத்தான் ஐயா நான் எத்தனை முறை படித்தும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. விசாரணைச் செலவு என்னுடையது. விசாரித்தது தங்கள் வக்கீல். விடை தங்களுடையது. விடை தப்பாகிப்போனால் மட்டும் மறுபடி என்னுடையது.

பதிவு நாளின் நடைமுறையையும் அலுவலர் விளக்கினார். முதல் டோக்கனில் கிரயப்பத்திரம். மேற்படி சொத்தைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த டோக்கனில் எம்.ஓ.டி. அதாவது அந்தப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கு ஒரு பத்திரம். அதற்கும் தனியே முத்திரைத்தீர்வை உண்டு. பதிவான அசலைத் தங்கள் ஆளே வாங்கிக்கொண்டு போய்விடுவாராம். இரண்டு டோக்கனுக்கும் நடுவில் எனக்குக் கிடைக்கும் சர்வ சுதந்திரத்தில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு லெமன் ஜூஸ் குடிக்கலாம் என்றிருக்கிறேன்.

தவணை விஷயத்தில் எனக்குப் புகார் இல்லை. 8 சதவீதத்தில் 20 வருடத்துக்கு மாதம் 36,134 ரூபாய். முதல் மாதம் அதில் 28,800 வட்டிக்கே போய்விடும். கடைசியில் கூட்டினால் வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். இதையெல்லாம் மறைக்காமல் சொன்னீர்கள். 2024 அக்டோபரிலிருந்து முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருப்பதால் சொன்னீர்கள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. காப்பீட்டு பாலிசியும் அப்படித்தான். கட்டாயமே இல்லை என்று மூன்று பேர் சொன்னார்கள். அதை எடுக்கும்வரை ஃபைல் மட்டும் மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஆனால் பத்திரங்களைப் பற்றி ஒரு கவலை உண்டு. கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தராமல் வங்கி தாமதித்தால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று 2023-இல் ஒரு விதி வந்தது. காணாமல் போனால் நகல் எடுத்துத் தரவும் உதவ வேண்டுமாம். இப்படியொரு விதி தேவைப்பட்டதென்றால் அதற்குமுன் அலமாரிகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. யாரோ ஒருவருடைய தாத்தாவின் பத்திரத்தை நான் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து தங்களிடம் கொடுக்கிறேன். அதைத் தாங்கள் தொலைத்தால் தேடிக் கொடுக்கத் தங்களுக்கு ஒரு விதி வேண்டியிருக்கிறது.

எனவே சமூகம் ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, மேற்படி சொத்து குறித்த வக்கீல் கருத்து, வேல்யுவர் அறிக்கை ஆகியவற்றில் தலா ஒரு நகல், பதிவுக்கு முன்பாக எனக்கு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிவுக்குப் பிறகு அளித்தால், படித்துத் தெரிந்துகொள்ளலாமே தவிர ஒன்றும் செய்ய முடியாது. அவை முழுக்க முழுக்க வங்கியின் சொந்தக் காகிதங்கள், பிறர் பார்க்கக் கூடாது என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் அவற்றுக்காக என்னிடம் வாங்கிய கட்டணத்தை என் கணக்கில் வரவு வைத்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மைனஸ் 1
(கோ-அப்ளிகன்ட் சம்மதத்துடன்)

இணைப்பு: வக்கீல் கட்டணம், வேல்யுவர் கட்டணம் கட்டிய ரசீதுகளின் நகல், சுய கையொப்பத்துடன். அசல் சரிபார்ப்புக்கு நேரில் காட்டப்படும், ஒப்படைக்கப்பட மாட்டாது.