முயல் பிடித்தவனும் மாஜிஸ்திரேட்டும்

கே: அந்தக் கால இங்கிலாந்தில், முயல் பிடித்த ஏழையை விசாரித்த மாஜிஸ்திரேட்டே அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரராமே?

ப: இல்லையென்றால், பக்கத்துக் காட்டுக்குச் சொந்தக்காரர்! கிராமப்புறத்தில் நிலபுலன் உள்ளவர்தான் அப்போது மாஜிஸ்திரேட் ஆக முடிந்தது. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. 1828-ம் வருடச் சட்டப்படி, இரவில் முயல் பிடித்தால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை கடுங்காவல். ஜூரி கிடையாது, இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் போதும். எவ்வளவு பெரிய அநியாயம்!

1848-ல் ஜான் ஜெர்விஸ் கொண்டுவந்த சட்டங்கள், சிறு வழக்கையும் பொதுமக்கள் முன்னால் விசாரிக்கச் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீல் வைத்து வாதாடும் உரிமையையும் உறுதிசெய்தன. 1888-ம் வருடச் சட்டத்தால், அதுவரை மாஜிஸ்திரேட்டுகள் கையில் இருந்த சாலை, பாலம் போன்ற நிர்வாகமெல்லாம் மக்கள் தேர்ந்தெடுத்த கவுண்டி கவுன்சில்களுக்குப் போனது. ஆனால், சொத்து இருந்தால்தான் மாஜிஸ்திரேட் பதவி என்ற விதியை ஒழிக்க 1906 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.