முதலாம் அதிகாரம்

வடமராட்சியாயினும் வலிகாமமாயினும் தென்மராட்சியாயினும், ஒரு கோயிலும் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு வாசிகசாலையும் அமைந்த எந்தக் கிராமத்திலும், நாவலொன்றை எழுதத் தொடங்கி, முதலாம் அதிகாரத்துக்குச் சிவப்பு மையினால் தலைப்பும் இட்டு, அதற்கப்பால் நகர நேரமில்லாமையை நினைந்து வருந்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தே தீருவார். ஊரார் அவரை மாஸ்டர் என்பார்கள். அவருக்கு இயற்பெயர் ஒன்றும் அதைவிட நீளமான புனைபெயர் ஒன்றும் உண்டு. முன்னையது சம்பளப் பட்டியலிலும், பின்னையது அந்த நாவல் எழுதும் சி.ஆர். கொப்பியின் அட்டையிலும் மாத்திரமே காணப்படும்.

எங்கள் ஊர் மாஸ்டருடைய நாவல், 1966 இல் டொமினிக் ஜீவா ‘மல்லிகை’ச் சஞ்சிகையைத் தொடங்கியதைக் கண்டு யாழ்ப்பாணத்து இளைஞர் பலருக்கும் உண்டான உற்சாகத்தின் விளைவு. நாள்தோறும் விடியற்காலை எழுந்து இரண்டு பக்கம் எழுதுவதென்பது அவருடைய சங்கற்பம். ஆனால் யாழ்ப்பாணத்து விடியற்காலையைப் படைத்தவன் எழுத்தாளனை நினைத்துப் படைக்கவில்லை. மாஸ்டர் பேனையைத் திறந்து, கதாநாயகி கிணற்றடியிலே நிற்கும் நிலையை வருணிக்க முற்படும் அந்தச் சுபமுகூர்த்தத்திலேதான், நிஜமான கிணற்றடியிலிருந்து, “இஞ்சாருங்கோ, கண்டு அவிட்டுக்கொண்டு போட்டுது, பாலெல்லாம் குடிக்கப் போகுது” என்ற குரல் எழும். மாட்டுப் பிரச்சினை தீர்ந்தால் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர், அதன்பின் பள்ளிக்கூடம், மாலையிலே ரியூசன், இரவிலே திருத்த வேண்டிய கொப்பிகள். வேலியடைப்புக் காலம் வந்தால் கிடுகுக்கும் கதியாலுக்கும் அலைச்சல். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எழுதுதல் ஆகாது என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நியமம். அதற்கு எந்த ஆகமத்திலே பிரமாணம் உண்டென்று நான் கேட்டதில்லை.

முன்னோர் உதாரணங்களைக் காட்டி இவரை மடக்கிவிடலாமென்று எண்ணுபவர்கள் இவரோடு பழகாதவர்கள். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, உத்தியோக பாரத்தினிடையே ஏட்டுச் சுவடிகளைத் தேடியெடுத்துப் பரிசோதித்து, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினாரே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “தாமோதரம்பிள்ளைக்கு வேலியடைக்கிற வேலை இருந்ததே?” என்று கேட்டார். கஸ்தூரியார் வீதியிலே சலூன் நடத்திக்கொண்டே கதையும் எழுதிச் சஞ்சிகையும் நடத்தி, அதன் பிரதிகளைத் தாமே காவிச்சென்று விற்ற ஜீவாவை நினைவூட்டினேன். “அது சரி தம்பி, அவருக்குச் சனம் தேடி வந்து கதை சொல்லிச்சுது, எனக்குச் சனம் தேடி வந்து கடிதமெல்லோ எழுதுவிக்குது” என்றார். பாடசாலைக் கொப்பிகளோடேயே காலங்கழித்த குரும்பசிட்டிக் கனக செந்திநாதன் 1964 இல் ‘ஈழத்து இலக்கிய வளர்ச்சி’யை வெளியிட்ட வரலாற்றை எடுத்தபோது மாத்திரம் அவர் விடை கூறாமல், பிளேன்ரீ கொண்டுவருமாறு உள்ளே குரல் கொடுத்தார்.

வாசிப்பு விஷயத்திலும் அவர் சங்கற்பசாலிதான். மாலையிலே வாசிகசாலை வாங்கிலே அமர்ந்து, ஐவர் ஐந்து தாள்களாகப் பிரித்து வைத்திருக்கும் பத்திரிகையிலே தம் கைக்கு அகப்படும் தாளை முதலெழுத்திலிருந்து அச்சகத்தின் முகவரி வரையில் வாசிப்பார். எந்தத் தாள் அகப்பட்டாலும் அதைக் கொடுத்து, மரண அறிவித்தல் உள்ள தாளை மாற்றி வாங்கிவிடும் சாமர்த்தியமும் அவருக்கு உண்டு. அதன் காரணம் பின்னே தெரியும். கனமான நூல்களை ஓய்விலே வாசிப்பதென்று வைத்திருந்தார். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்து சாம்பலாயிற்று. அந்நூலகத்தின் முத்திரை பதித்த புத்தகமொன்று மாஸ்டருடைய அலுமாரியிலே இன்றும் இருக்கிறது. வாசித்து முடியவில்லை என்ற ஒரே காரணத்தினால் திருப்பிக் கொடுக்கப்படாதிருந்தமையே அதன் ஆயுளைக் காத்தது. அதை அவர் இன்னமும் வாசித்து முடிக்கவில்லை.

பென்சன் எடுத்ததும் எழுதலாமென்றிருந்தார். பென்சன் வந்தபோது மின்சாரம் இருக்கவில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியிலே, ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த அந்தச் சின்ன விளக்கிலே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். கிடைத்த தாளிலே பத்திரிகைகளும் வெளிவந்தன. மாஸ்டரோ, “அந்த வெளிச்சத்திலை நாவல் எழுதேலாது தம்பி” என்றார். மின்சாரம் மீண்டபோது அவர் வாசிகசாலைத் தலைவராகவும் கோயிற் பரிபாலன சபைச் செயலாளராகவும் ஆகியிருந்தார்.

இவற்றால், இவர் எழுதாத மனிதர் என்று யாராவது முடிவு செய்தால் அது பெரும் அபசாரமாகும். எங்கள் ஊரிலே இவரைப்போல் இடையறாது எழுதி, எழுதியது அனைத்தையும் அச்சிலே கண்ட எழுத்தாளர் வேறொருவர் இல்லை. யாழ்ப்பாணத்துச் சைவர் ஒருவர் சிவபதமடைந்தால், 31 ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருவோர் கையிலே ‘கல்வெட்டு’ என்னும் சிறுநூல் கொடுக்கப்படவேண்டும். முகப்பிலே அமரரின் படம், உள்ளே தேவார திருவாசகம், வமிசாவழி, வாழ்க்கை வரலாறு, திதி வெண்பா, பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று கிரமமாகச் செல்லும் அந்நூலுக்கு ஆசிரியர் எங்கள் மாஸ்டரே. எட்டுச் செலவு முடிந்த மறுநாள் மூத்த மகன் வந்து படலையிலே நிற்பான். அன்றிரவு மாடு அவிழ்த்துக்கொண்டு போனாலும் மாஸ்டருடைய காதிலே விழாது. ஜாம் போத்தல் விளக்கிலே எழுதிய கல்வெட்டுகளே ஒரு கட்டுத் தேறும்.

திதி வெண்பா அவருக்கு உயிர். வருடமும் மாதமும் பூர்வபக்கமோ அபரபக்கமோ என்பதும் திதியும் அமரரின் பெயரும் ஊரும் நாலடிக்குள் அடங்கவேண்டும். இறப்பவர்களோ யாப்பை நோக்கி இறப்பதில்லை. விரோதகிருது வருஷத்திலே, அதாவது 1971 – 72 இல், காலமானவர்கள் அவரை மிகவும் வருத்தினார்கள். அவ்வருஷத்தின் பெயர் முழுதாகக் கனிச்சீராகி நின்று, வெண்பாவின் வாசலை மிதிக்க மறுத்தது. இரண்டாகப் பிளந்து வகையுளியாற் புகுத்திய அன்றிரவு அவர் அடைந்த பெருமிதத்தை அவருடைய மனைவியார் இன்றும் சொல்லிச் சிரிப்பார். மருமக்கள் புலம்பலிலோ அவர் சிருஷ்டி கர்த்தாவேயாவார். எல்லைக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்ட தகராற்றிலே மாமனாரோடு பல வருஷம் முகம் முறித்திருந்த மருமகன் ஒருவன், ஆசிரிய விருத்தத்திலே தான் அழுத அழுகையைத் தானே வாசித்து, அந்தியேட்டிப் பந்தலிலே உண்மையாகவே அழுததை நான் கண்ணாற் கண்டேன். பரிசு பெற்ற நாவல்கள் சிலவற்றுக்கு இந்தச் சக்தி இருக்கவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். மாஸ்டருக்கு வேண்டியது நேரமன்று, தவணை. அதை யமன் கொடுத்தான், மல்லிகை ஆசிரியராற் கொடுக்க முடியவில்லை.

கல்வெட்டுகளையெல்லாம் திரட்டி ஒரு தொகுதியாக வெளியிடலாமே, அரை நூற்றாண்டு ஊர்ச் சரித்திரமும் அதற்குள் அகப்படுமே என்று அண்மையிலே கேட்டேன். “அதுவும் ஒரு எழுத்தே தம்பி?” என்று கையை விசிறிவிட்டு, நேரமில்லாத தம்முடைய விதியை விஸ்தாரமாக எடுத்துரைத்தார். நான் சைக்கிளை எடுக்கும்போது படலை வரைக்கும் கூட வந்தார்.

“ஓம் தம்பி, பெரியாஸ்பத்திரியிலை மறிச்சிருந்த கோயிலடி அப்புவுக்கு இப்ப எப்பிடியாம்?”

“நேற்றுத் துண்டு வெட்டி வீட்டை வந்திட்டார், மாஸ்டர். இரவு பிட்டும் சாப்பிட்டவராம்.”

“சந்தோசம், சந்தோசம். அப்ப இந்த மாதம் ரெண்டாம் அதிகாரத்தைப் பாப்பம்” என்றார். வார்த்தையிலே இருந்த சந்தோஷம் குரலிலே இருக்கவில்லை.